ஓடையில் பார்த்த சாலமாண்டரை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

ஈரப்பாறை:

வணக்கம். நான் அடிக்கடி நடக்கப் போகும் காட்டுப் பாதையில் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. மழை விட்ட மறுநாள் அங்கே விழுந்து கிடக்கும் மட்கிய கட்டையைப் புரட்டினால் அடியில் சாலமாண்டர் கிடக்கும், பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளையைப்போல ஈரத்தோல் கொண்ட நீர்நிலவாழ் உயிர். விரல் நீளம்தான். தலையிலிருந்து வால் வரைக்கும் முதுகில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. வீட்டில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது, இன்னொன்றில் கடையில் வாங்கிய தீவயிற்று நியூட் (அதுவும் ஒரு வகைச் சாலமாண்டர்தான்) இரண்டு நன்றாக இருக்கின்றன. இந்தக் காட்டுச் சாலமாண்டரில் ஒரு ஜோடி எடுத்து வரலாமா என்று யோசிக்கிறேன். மாநிலத்தின் அழியும் உயிரினப் பட்டியலில் இது இல்லை. மீன்பிடி உரிமம் இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

சட்டப்படி சரியா என்பது ஒரு கேள்வி. சட்டம் விட்டாலும் செய்வது முறையா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அனுபவப்பட்டவர்கள் பதில் சொன்னால் நல்லது.

வரப்புக்கோடு:

சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

"பட்டியலில் இல்லை" என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சில இடங்களில் தடை செய்தவற்றைப் பட்டியலிடுவார்கள், மற்றதைப் பிடிக்கலாம். வேறு சில இடங்களில் அனுமதித்தவற்றைத்தான் பட்டியலிடுவார்கள், அதில் பெயர் இல்லாத எதையும் தொடக்கூடாது. உங்கள் மாநிலத்தில் எந்த முறை என்பதை முதலில் பாருங்கள். மீன்பிடி உரிமத்திலேயே நீர்நிலவாழ் உயிரிகளையும் சேர்த்து, இத்தனை வரை வைத்துக்கொள்ளலாம் என்று விடுகிற மாநிலங்கள் உண்டு. அது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. இனத்துக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டாலும் நிலத்துக்கு இருக்கும். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 30 இனச் சாலமாண்டர்கள் இருக்கின்றன, பல இனங்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அங்கே ஒன்றைக்கூடப் பிடிக்கக்கூடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, பிடித்தபின் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பது. அமெரிக்காவில் 1900-லிருந்து இருக்கும் லேசி சட்டப்படி, ஒரு மாநிலத்தின் விதியை மீறிப் பிடித்த உயிரை எல்லை தாண்டி எடுத்துச் சென்றால் அது மத்திய அரசுக் குற்றமாகிவிடும். வெளிநாட்டுச் சட்டத்தை மீறிப் பிடித்ததற்கும் அதே கதிதான்.

நாட்டுக்கு நாடு இதெல்லாம் மாறும். பிரிட்டனில் பெரிய கொண்டை நியூட்டைப் பிடிப்பது மட்டுமல்ல, அது தங்கியிருக்கும் இடத்தில் தொந்தரவு செய்வதும், முட்டையை எடுப்பதும் குற்றம். இந்தியாவில் இமயமலைச் சாலமாண்டர் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஜப்பான் வேறு விதமாக யோசித்தது. டோக்கியோ சாலமாண்டரை 2020-ல் ஒரு தனி வகையில் சேர்த்து, விற்பதற்காகப் பிடிப்பதையும் விற்பதையும் தடுத்தார்கள். ஆய்வுக்கோ சொந்த ஆர்வத்துக்கோ பிடிப்பதை விட்டுவைத்தார்கள். வியாபாரத்தையும் ஆர்வத்தையும் சட்டமே பிரித்துப் பார்க்கிற இடமும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஈரப்பாறை:

மிக்க நன்றி. இது தேசியப் பூங்கா இல்லை, அரசுக் காடு. விற்கிற எண்ணமும் எனக்கில்லை. ஒரு கட்டைக்கு அடியிலேயே இரண்டு மூன்று இருக்கின்றன, காடு முழுக்கக் கட்டைகள். அதில் இரண்டை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் புரியவில்லை.

கல்லடி:

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் சிவப்பு முதுகுச் சாலமாண்டராக இருக்கலாம். பல வருடங்களாகக் கணக்கெடுப்பில் உதவி செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதற்கு நுரையீரல் கிடையாது. தோலும் வாயின் உட்புறமும்தான் மூச்சு விடும் வழி. தோல் ஈரமாக இருக்கும் வரைதான் உயிர். கட்டைக்கு அடியில் ஏன் கிடக்கிறது என்றால், வெளியில் தரை காய்ந்தாலும் அங்கே ஈரம் நிற்கும். நல்ல கட்டை ஒரு காட்டில் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதனால்தான் வளர்ந்த சாலமாண்டர் ஒவ்வொன்றும் ஒரு சின்ன இடத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு, மற்றதை விரட்டுகிறது.

இந்த இனம் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. மட்கிய கட்டைக்குள் ஒரு சின்னப் பொந்து இருக்கும். அதன் கூரையிலிருந்து திராட்சைக் கொத்து மாதிரி முட்டைகள் தொங்கும், மூன்றிலிருந்து பதினான்குக்குள். தாய் அதைச் சுற்றி வளைந்து படுத்திருக்கும். குஞ்சு பொரிய ஆறு வாரம் அளவுக்கு ஆகும், அதுவரை அது ஒழுங்காக இரை தேடக்கூடப் போகாது. அந்த நேரத்தில் தாயை எடுத்துவிட்டால் முட்டைகள் பூஞ்சை பிடித்தோ, காய்ந்தோ, வேறு எதற்காவது இரையாகியோ போய்விடும். நீங்கள் எடுத்தது ஒன்று, போனது ஒரு கொத்து. கட்டையைப் புரட்டும்போது அந்தக் கொத்து உங்கள் கண்ணிலேயே படாமல் போகலாம்.

இன்னொரு விஷயம், வயது. உடல் சின்னதாக இருப்பதால் ஆயுளும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். சிவப்பு முதுகு இனத்தில் குட்டி முதிர்ச்சியடையவே இரண்டு மூன்று வருடம் ஆகிறது. குளிர்ப் பகுதிகளில் பெண் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் முட்டையிடும். புள்ளிச் சாலமாண்டர் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். ஐரோப்பாவின் தீச்சாலமாண்டர் வளர்ப்பில் 50 வருடம் தாண்டியிருக்கிறது. முட்டையும் குட்டியும் பெரும்பாலும் செத்துப்போகும், தப்பிய சில பல வருடம் வாழ்ந்து திரும்பத் திரும்ப இனம் பெருக்கும். இப்படி ஓடுகிற வாழ்க்கையில் முட்டைகள் அழிவதைத் தாங்கிக்கொள்ள முடியும். வளர்ந்ததை எடுப்பதைத்தான் தாங்காது. நாமோ வளர்ந்ததைத்தான் எடுக்கிறோம்.

கண்ணாடித்தொட்டி:

கல்லடி சொன்ன உயிரியல் எல்லாம் சரி. ஆனாலும் இரண்டு எடுப்பது பாவம் என்கிற தொனிக்கு நான் உடன்படவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் செய்து 1975-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்தக் காட்டின் சாலமாண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்தின் உச்சத்தில் இருக்கும் பறவைகளின் மொத்த எடையைப்போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பங்கு இந்தச் சிவப்பு முதுகுதான். இப்படிப்பட்ட இனத்தில் ஒருவர் இரண்டை எடுத்தால் காடு காலியாகாது. மரத்தை ஒட்ட வெட்டுவது, வசந்தகால மழை இரவில் குளத்துக்குப் போகும் வழியில் ரோட்டில் நசுங்குவது, குட்டையை மூடி வீடு கட்டுவது, இவைதான் கூட்டமாக அழிக்கின்றன. அதைச் செய்கிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் வந்து கேள்வி கேட்பதே இல்லை. கேட்கிறவரைப் போட்டு வறுக்கிறோம்.

அப்புறம், இன்று வளர்ப்பில் இருக்கும் ஒவ்வொரு இனத்துக்கும் முதல் ஜோடி காட்டிலிருந்துதான் வந்தது. ஈரானின் லோரெஸ்தான் நியூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ரோஸ் மலையின் ஓடைகளில் மட்டும் வாழ்வது. வியாபாரத்துக்காக அள்ளிக்கொண்டு போனதால் 2010-ல் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். ஆனால் அதற்குள் வளர்ப்பவர்கள் அதைத் தொட்டியில் இனம் பெருக்கக் கற்றிருந்தார்கள். இன்று வேண்டுமென்றால் வளர்ப்பில் பிறந்ததே கிடைக்கிறது, காட்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே போய்விட்டது. வளர்ப்பவர் கற்ற பாடம் இனத்துக்கும் உதவும்.

கல்லடி:

பாவம் என்று நான் சொல்லவில்லை, சொன்ன மாதிரி ஒலித்திருந்தால் விட்டுவிடுங்கள். சிவப்பு முதுகு நிறைய இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் லோரெஸ்தான் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். வளர்ப்பவர்கள் கற்றுக்கொண்டது காட்டு நியூட்டுகள் அள்ளப்பட்ட பிறகுதானே? எல்லா இனத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. லாவோஸ் மரு நியூட்டைப் பாருங்கள். 2002-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. எந்த ஓடையில் கிடைத்தது என்று ஆய்வுக்கட்டுரையில் எழுதியிருந்தார்கள், அப்படி எழுதுவதுதான் வழக்கம். அந்தக் குறிப்பையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வெளிநாட்டு வியாபாரிகள் வந்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்குக் காசு கொடுத்துப் பிடித்துத் தரச் சொன்னார்கள். ஒரு புது இனத்தை விவரிப்பதே அதற்கு ஆபத்தாகிவிடுகிறது என்று 2006-ல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரும் சேர்ந்து எழுத வேண்டி வந்தது. சைட்டீஸ் இரண்டாம் பின்னிணைப்பில் அது வந்தது 2022 மாநாட்டில், காட்டில் பிடித்ததை வியாபாரம் செய்ய ஒதுக்கீடு பூஜ்யம் என்ற நிபந்தனையோடு. அறிமுகத்துக்கும் அதற்கும் நடுவில் 20 வருடம்.

மெக்சிகோவின் ஆக்சலாட்டல், வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் சாலமாண்டர், இன்னும் மோசமான உதாரணம். உலகம் முழுக்க ஆய்வகத்திலும் வீட்டிலும் எக்கச்சக்கமாக இருக்கிறது. அதன் சொந்த ஊரான சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 என்று கணக்கிட்டார்கள், 2014 கணக்கெடுப்பில் 36. தொட்டியில் நிறைந்திருப்பது கால்வாயில் இருப்பவற்றைக் காப்பாற்றவில்லை.

மட்டுறுத்துநர்:

ஈரப்பாறையின் முதல் பதிவில் இருந்த படத்தை நீக்கியிருக்கிறேன். பாலமும் பாதைப் பலகையும் அதில் தெரிந்தன. கல்லடி மேலே சொன்ன லாவோஸ் கதைதான் காரணம். எந்த மாநிலம், எந்தக் காடு என்று யாரும் பொதுவில் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். படம் போடுகிறவர்கள் கைப்பேசி தானாகப் பதிகிற ஜிபிஎஸ் தகவலை அழித்துவிட்டுப் போடுங்கள். பின்னணியில் அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இருக்க வேண்டாம்.

மழைக்குழி:

எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அந்த இன்னொரு தொட்டியைப் பார்த்துத்தான். நான் விலங்கு மருத்துவத்தில் இருப்பவன்.

ஈரப்பாறை, உங்களிடம் இருப்பது ஆசியாவிலிருந்து வந்த நியூட். பி-சால் என்கிற பூஞ்சையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முழுப் பெயர் பட்ராகோகைட்ரியம் சாலமாண்ட்ரிவோரன்ஸ். சாலமாண்டரின் தோலைத் தின்று புண் புண்ணாக ஆக்கிவிடும். தோலால் மூச்சு விடும் உயிருக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நெதர்லாந்தில் தீச்சாலமாண்டர்கள் மர்மமாகச் செத்துக்கொண்டே வந்து, எண்ணிக்கை 96 சதவீதம் சரிந்த பிறகுதான் 2013-ல் இந்தப் பூஞ்சையை அடையாளம் கண்டார்கள். அடுத்த வருடமே அது ஆசியாவில் தோன்றியது, அங்குள்ள சில இனங்கள் நோய் தெரியாமலே அதைச் சுமக்கின்றன, செல்லப்பிராணி வியாபாரத்தில்தான் ஐரோப்பாவுக்கு வந்திருக்கிறது என்று ஆய்வு சொன்னது.

அதனால்தான் 2016-ல் அமெரிக்கா 20 பேரினங்களைச் சேர்ந்த 201 இனச் சாலமாண்டர்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. கனடா 2017-ல் எல்லாச் சாலமாண்டருக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் கட்டாயமாக்கியது. வட அமெரிக்காவின் காடுகளில் பி-சால் இன்னும் கண்டறியப்படவில்லை. உலகிலேயே அதிகச் சாலமாண்டர் இனங்கள் இருக்கும் இடம் அது, அங்கே நுழைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

ஆகவே காட்டிலிருந்து எடுப்பதோ விடுவதோ அப்புறம். உங்கள் நியூட் தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டுகிறீர்கள்? தோட்டத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டாதீர்கள். கிருமிநீக்கம் செய்துவிட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். தொட்டியில் கை வைத்த அன்று அதே பூட்ஸோடும் வலையோடும் ஓடைக்குப் போகாதீர்கள். நியூட்டுகளை ஒரு முறை பஞ்சால் தோல் துடைத்துப் பரிசோதித்துவிடுங்கள், அது சின்ன வேலை.

ஈரப்பாறை:

இது எதுவும் எனக்குத் தெரியாது. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன். இன்னொரு யோசனை இருந்தது, அதையும் கேட்டுவிடுகிறேன். ஒரு பருவம் மட்டும் வைத்திருந்து, கவனித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டால்? நிரந்தரமாக எதுவும் போகவில்லையே.

மழைக்குழி:

எல்லாவற்றிலும் மோசமான வழி அதுதான். நல்ல மனதோடு செய்கிறவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் மற்ற விலங்குகள் இருக்கும் அறையில் ஒரு பருவம் இருந்த சாலமாண்டர், போனபோது இருந்த அதே உயிராகத் திரும்புவதில்லை. எதையாவது தொற்றிக்கொண்டு போகலாம், வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. மேற்கு அமெரிக்காவில் புலிச் சாலமாண்டரின் லார்வாக்களை (தண்ணீரில் வாழும் குட்டிப் பருவம்) மீன் தூண்டிலுக்கு இரையாக விற்பார்கள். அந்த வியாபாரத்தோடு, நீர்நிலவாழ் உயிரிகளைக் கொல்லும் ரானாவைரஸும் ஊர் ஊராகப் போனது. கலிபோர்னியாவில் தூண்டில் இரைக்காகக் கொண்டுவந்து விட்ட வெளியினப் புலிச் சாலமாண்டர், அங்கேயே வாழ்ந்த கலிபோர்னியப் புலிச் சாலமாண்டரோடு கலந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கலப்பை யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை.

சீனப் பெரும் சாலமாண்டரைப் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்டார்களே, பாதுகாப்பு என்ற பெயரில்தான். ஒரே இனம் என்று நினைத்திருந்தது உண்மையில் குறைந்தது ஐந்து தனித்தனி வம்சம் என்று 2018-ல் மரபணு ஆய்வில் தெரிந்தது. அதற்குள் பண்ணைகளில் எல்லாம் கலந்திருந்தன.

ஏற்கெனவே யாரிடமாவது காட்டுச் சாலமாண்டர் இருந்தால், விடுவதற்கு முன் வனவிலங்குத் துறையிடம் கேளுங்கள். இந்த இழையை மௌனமாகப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீர்ப்பாசி:

நடுவில் ஒரு கேள்வி. விஞ்ஞானிகள் மட்டும் பிடித்துச் சாராயத்தில் போட்டு அருங்காட்சியகத்தில் வைக்கிறார்களே, அது சரியா? ஒரு சிறுவன் எடுத்தால் குற்றம், அவர்கள் எடுத்தால் அறிவியலா?

கல்லடி:

நியாயமான கேள்வி. அவர்களுக்கும் அனுமதி வேண்டும். எந்த இனம், எத்தனை, எங்கே, எதற்கு என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கண்மூடித்தனமாக அள்ளிய காலமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எடுத்ததைத் தேதியோடும் இடத்தோடும் பாதுகாத்து வைப்பதால் எதிர்காலத்தில் யாருக்கோ விடை கிடைக்கிறது. மழைக்குழி சொன்ன பி-சால் ஆசியாவிலிருந்துதான் வந்தது என்று சொன்ன ஆய்வில், 150 வருடத்துக்கு மேற்பட்ட ஓர் அருங்காட்சியக நியூட்டின் தோலில் அந்தப் பூஞ்சை இருந்தது ஒரு முக்கியத் தடயம். தொட்டியில் வாழ்ந்து செத்துக் குப்பைக்குப் போகும் சாலமாண்டரில் இந்தத் தகவல் எதுவும் மிஞ்சாது. யார் எடுக்கிறார் என்பதைவிட, எடுத்ததற்கு என்ன கணக்கு இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

சிறுவர்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். கட்டையைப் புரட்டிப் பார்ப்பதை நான் தடுக்கமாட்டேன், அனுமதிக்கிற நிலமாக இருந்தால். கை நனைந்திருக்க வேண்டும், கொசு மருந்தோ வெயில் கிரீமோ தடவிய கையாக இருக்கக்கூடாது. உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். பார்த்து முடித்ததும் சாலமாண்டரைப் பக்கத்தில் ஒதுக்கி, முதலில் கட்டையை அதே பள்ளத்தில் பழையபடி உட்கார வையுங்கள், அது தானாக உள்ளே நுழைந்துகொள்ளும். அதன் மேலேயே கட்டையை இறக்கி நசுக்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆற்றில் பெரிய கற்களை மட்டும் தொடவே வேண்டாம், ஹெல்பெண்டர் என்கிற பெரிய ஆற்றுச் சாலமாண்டர் ஒரே கல்லுக்கு அடியில் பல வருடம் வாழும், அங்கேதான் முட்டையும் இருக்கும்.

கண்ணாடித்தொட்டி:

மழைக்குழி சொன்னதை ஏற்கிறேன். ஆசிய நியூட் வைத்திருக்கும் வீட்டில் காட்டுச் சாலமாண்டரைச் சேர்க்கக்கூடாது, அதில் எனக்கு மறுபேச்சில்லை.

ஈரப்பாறை, வளர்க்கத்தான் ஆசை என்றால் வளர்ப்பில் பிறந்ததை வாங்குங்கள். ஆனால் அந்த வார்த்தையை விற்பவர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். காட்டில் பிடித்த சினைப் பெண் தொட்டியில் முட்டையிட்டாலும் "வளர்ப்பில் பிறந்தது" என்றுதான் விற்பார்கள். பெற்றோர் யாரிடம் இருக்கின்றன, முட்டையும் லார்வாவுமாக இருந்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையாக வளர்ப்பவர் அதைக் காட்ட ஆசைப்படுவார். அவரிடம் பெரும்பாலும் குட்டிகள்தான் இருக்கும். விற்பவரிடம் முழுதாக வளர்ந்தவையே ஒரே நேரத்தில் பத்து இருபது இருந்து, அவற்றின் உடம்பு மெலிந்து, மூக்கு சிராய்த்திருந்தால் பெரும்பாலும் அவை காட்டிலிருந்து வந்தவை. திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கல்லடியோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. வண்டித்தடத்துக் குட்டையில் கிடக்கிற முட்டைகள், வெயிலில் இன்னும் இரண்டு நாளில் காயப்போகின்றன. அதை எடுத்து வளர்ப்பதில் யாருக்கு நஷ்டம்? அவர் சொன்ன கணக்குப்படியே முட்டை இழப்பை இனம் தாங்கும்.

கல்லடி:

காயப்போகிறது என்பது நிச்சயமாக இருந்தால் இனத்துக்கு நஷ்டமில்லை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது அந்த நிச்சயம்தான். நான் பார்த்த குட்டைகளில் காய்ந்தேவிட்டது என்று நினைத்தது ஒரு மழையில் நிறைந்து, லார்வா கரையேறியதும் உண்டு. எடுக்க ஆசைப்படுகிறவர் கண்ணுக்கு எல்லாக் குட்டையும் காயப்போகிற குட்டையாகத்தான் தெரியும்.

வரப்புக்கோடு:

அந்த வழக்கில் ஒரு சட்டக் குறிப்பு. பல இடங்களில் முட்டையும் லார்வாவும் வளர்ந்த உயிருக்குச் சமம். காயப்போகிறது என்பது விதிவிலக்கு ஆகாது, காப்பாற்றத்தான் எடுத்தேன் என்றாலும் அனுமதி கேட்பார்கள்.

வளர்ப்பில் பிறந்ததை வாங்கினாலும் சட்டம் முடிந்துவிடாது. கலிபோர்னியாவில் ஆக்சலாட்டல் வைத்திருப்பதே தடை, எங்கே பிறந்தது என்று பார்ப்பதில்லை. தப்பித்து வெளியே போனால் உள்ளூர்ப் புலிச் சாலமாண்டரோடு கலந்துவிடும் என்ற பயம்.

ஈரப்பாறை, வனவிலங்குத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இனத்தின் அறிவியல் பெயர், நிலம் யாருடையது, எடுக்கிற எண்ணமா வாங்குகிற எண்ணமா, மூன்றையும் எழுதுங்கள். தொலைபேசியில் யாரோ "பரவாயில்லை" என்று சொன்னதை நாளை யாரும் ஏற்கமாட்டார்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஈரப்பாறை:

எழுதிவிட்டேன், வாங்குகிற எண்ணம் என்று. காட்டில் இருப்பதை எடுக்கப்போவதில்லை. நியூட்டுகளின் பரிசோதனை முடிவு வரும் வரை புதிதாக எதுவும் வீட்டுக்குள் வராது. தொட்டித் தண்ணீரை இதுவரை செடிகளுக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். மழைக்குழி, கிருமிநீக்கத்துக்கு எதைப் பயன்படுத்துவது, எவ்வளவு நேரம் வைப்பது?

மழைக்குழி:

வீட்டு பிளீச் போதும். எவ்வளவு கலப்பது, எவ்வளவு நேரம் என்பது போத்தலில் இருக்கும் செறிவைப் பொறுத்தது. அந்தச் சீட்டைப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கணக்கிட்டுச் சொல்கிறேன். கலந்த வாளியை நியூட் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு துளி தெறித்தாலும் அவற்றின் தோல் தாங்காது.